தாங்கும் கோடு

அக்கா, துவைத்து அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினால் நான் சொல்வதைப் போன் பிழையில்லாமல் எழுதிக்கொள்கிறது. இந்த ஹோட்டல் சலவைக்கூடத்தில் மெஷின் சத்தம் எட்டாத இடம் இந்த அலமாரி அறை ஒன்றுதான். சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம், அதற்குள் முடித்துவிடுவேன். தட்டி எழுதினால் அதற்குள் முடியாது.

அப்பாவின் ஓய்வுப் பணத்தை வைத்து நான் சூதாடினேன் என்று மாமா சொல்கிறாராம். அது சரியில்லை. நான் வாங்கியது ஈ.டி.எஃப். ஒரே கம்பெனியை நம்பி மொத்தத்தையும் போடுவதில்லை. ஐந்நூறு கம்பெனிகளை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடையில் நமக்கு ஒரு துண்டு. ஒன்று சரிந்தால் மற்றவை தாங்கும். நினைத்தபோது பங்கு மாதிரி சந்தையில் விற்கலாம். வாங்கும்போதே வீடியோ காலில் அப்பாவுக்கு சார்ட்டை, அதாவது விலை ஏறி இறங்கும் படத்தை, காட்டினேன். விலை இறங்கி இறங்கி எங்கெல்லாம் நின்று திரும்புகிறதோ, அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டேன். இதுதான் சப்போர்ட், இதற்குக் கீழே லேசில் போகாது என்றேன்.

"கோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துல ஒரு வட்டத்தைக்கூட வட்டமா போட்டதில்லையேடா நீ" என்று அப்பா சிரித்தார். சிரித்தவுடன் மூச்சு வாங்கியது. இதய வால்வு அப்போதே கெட்டுப்போயிருந்தது.

"எனக்கு வேணும்ங்கிறப்ப எடுக்க முடியுமா?"

"எப்ப வேணும்னாலும்பா. வித்தா ரெண்டே நாள்ல கைக்கு வந்துடும்."

அது பொய்யில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரம் விலை பதினொரு சதவீதம் இறங்கி, நான் போட்ட கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே விற்றிருந்தால் ஆபரேஷன் செலவு போக மிச்சமும் இருந்திருக்கும். அதை மறைக்கவில்லை. ஆனால் அப்பா கொடுத்ததைவிடக் குறைவாக அவர் கையில் எப்படி வைப்பது? விற்றால்தான் நஷ்டம். விற்காதவரை அது வெறும் படம். நாளுக்கு நாள் விலை காட்டும் தினப் படத்தில் பெரிய பள்ளமாகத் தெரிந்தது. வாரப் படத்துக்கு மாற்றினால் சின்ன மடிப்பு. அதற்குப் பிறகு நான் வாரப் படத்தை மட்டும்தான் பார்த்தேன்.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் சமையல்காரன் போனை எட்டிப் பார்த்தான். "யாருக்குடா காய்ச்சல்? இந்த ஏறு ஏறி இறங்குது."

"மூணு வாரத்துல திரும்பிடும் பாரு."

"காய்ச்சலுக்கே தேதி குறிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்று போய்விட்டான்.

இதற்கு முன் இரண்டு தடவையும் கோட்டைத் தொட்ட மூன்று வாரத்தில் விலை ஏறியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது மூன்று வாரம்தான்.

நாளைக்கு நீ ஆஸ்பத்திரி மேலதிகாரியைப் பார்க்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ஆபரேஷன் தேதியைத் தள்ளிவிட்டது பதிவு மேசையில் இருக்கும் பெண் என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். அங்கே போன் பேச்சையெல்லாம் பதிவு செய்து வைக்கிறார்கள். நாளைக்கு அதைப் போட்டுக் காட்டுவார்கள். அத்தனை பேர் நடுவில் அந்தக் குரலை நீ கேட்க வேண்டாம்.

டாக்டர் எந்த வெளியூருக்கும் போகவில்லை, அக்கா. முன்பணம் கட்டுவது நான் என்பதால் என் நம்பர்தான் அங்கே இருந்தது. நானே கூப்பிட்டேன். அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல், மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள் என்றேன்.

"சீக்கிரம் பண்ணணும்னு டாக்டர் எழுதியிருக்காரே சார். வீட்டுல எல்லாருக்கும் தெரியுமா?" அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள்.

"நான்தாங்க மகன். நான்தான் பணம் கட்டுறேன்" என்றேன். அவள் தேதியை மாற்றி எழுதிக்கொண்டாள்.

பிறகு உன்னைக் கூப்பிட்டு, டாக்டர் வெளியூரில் இருக்கிறார் என்று சொன்னேன். நீ நம்பினாய். "வரட்டும், நான் எங்க ஓடிடப் போறேன்" என்று அப்பா சொன்னதாக நீதான் சொன்னாய்.

தேதியைத் தள்ளிய பதினாறாம் நாள் காலையில் உன் போன் வந்தது. மெஷினிலிருந்து சூடான விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். அதை நான்காக மடித்து வைத்த பிறகுதான் எடுத்தேன். அப்பா போய்விட்டதைத்தான் நீ சொல்லப் போகிறாய் என்று தெரிந்திருந்தது. அன்றிலிருந்து போனைச் சத்தமில்லாமல்தான் வைத்திருக்கிறேன். இதைப் படித்ததும் நீ கூப்பிடுவாய். நான் எடுக்க மாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் மாமாவிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடு. பத்தொன்பதாம் நாள் விலை கோட்டிலிருந்து எழுந்துவிட்டது. இப்போது நாம் வாங்கிய விலைக்கு மேலே நிற்கிறது. அப்பா பணத்தில் ஒரு காசு குறையவில்லை. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் அனுப்பச் சொல்லியிருந்தாய். இந்த வாரம் வேண்டாம் அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். வாரப் படத்தில் இன்னும் ஏற இடமிருக்கிறது.