பிளாஸ்டிக்குக்கு ஆகாது

தேய்ந்துபோன பல் பிரஷை நான் தூக்கிப் போடுவதே இல்லை, ஐயா. துப்பாக்கியின் இடுக்கில் படியும் கரியைச் சுரண்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. தங்கை கேலி செய்வாள்: "அண்ணே, பிரஷ் போதுமா, என் பல்லும் வேணுமா?"

துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆயுத அறையில் எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. பயிற்சிக் கைத்துப்பாக்கிகளைக் கழற்றி, கரி நீக்கி, எண்ணெய் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். முன்பு எல்லாமே இரும்பு. இரும்புக்கு எதை ஊற்றித் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. பிறகு பிளாஸ்டிக் உடல் வைத்தவை வந்தன. பழக்கதோஷத்தில் எட்டுத் துப்பாக்கிகளைப் பெயின்ட் தின்னரில் துடைத்துவிட்டேன். மறுநாள் காலையில் எட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றன. அன்றிலிருந்து சங்கத்தில் என் பெயர் சுண்ணாம்பு. "சுண்ணாம்பைக் கூப்பிடு" என்று செயலாளரே சொல்வார்.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை வந்தார். என் தங்கையின் கணவர். ஆலை மூடி வேலை போனதும் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சேர்த்துவிட்டேன். நிதானமான மனிதர். டப்பாவில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படிப்பார். பிளாஸ்டிக் பாகங்களைத் தனியாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுவார். ஒரே வருடத்தில் செயலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இனிமே பிளாஸ்டிக் சமாச்சாரம் எதுவானாலும் மாப்பிள்ளைகிட்ட கேளுங்க. சுண்ணாம்புகிட்ட போயிடாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஒருநாள் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பிள்ளைகளிடம் அந்தக் கதையை எடுத்துவிட்டார். "உங்க மாமா எட்டு துப்பாக்கிக்கு வெள்ளையடிச்சவரு, தெரியுமா?" தங்கை புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று தேடாதீர்கள். இவ்வளவுதான். இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம், வழக்கமான சுத்திகரிப்புத் திரவம் இனி வராது என்று ஆனது. பதிலுக்கு மூன்று கேன்கள் மாதிரிக்கு வந்தன. எது பிளாஸ்டிக்குக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்வது மாப்பிள்ளையின் பொறுப்பு. பெட்டியைப் பிரித்தது நான். ஒவ்வொரு கேனின் கைப்பிடியிலும் ஒரு தாள் கட்டியிருந்தது. இரண்டாவது கேனின் தாளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இறுக்கித் திருகிய பிளாஸ்டிக்குக்கு ஆகாது, விரிசல் விடும். அந்தத் தாளை மட்டும் அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். படித்துவிட்டுத் தந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

அந்த ஒரு கேனுக்குத் தாள் இல்லாததால் மாப்பிள்ளை மூன்றையும் தானே சோதித்தார். துப்பாக்கியின் உடைந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று சில்லுகளை எடுத்து, மூன்று கிண்ணங்களில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டார். முதலாவது இளகிவிட்டது. மூன்றாவது பிசுபிசுத்தது. நடுவில் இருந்தது பளபளவென்று அப்படியே இருந்தது.

"மச்சான், நிறம்கூட மாறலை பாருங்க. இதையே வச்சுக்கலாமா?"

"நீங்களே சோதிச்சுப் பாத்துட்டீங்க மாப்பிள்ளை. அப்புறம் என்ன?"

சும்மா கிடக்கும் சில்லு எதையும் தாங்கும். திருகு இறுக்கிய பிளாஸ்டிக்தான் விண்டுபோகும். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே உறையின் இன்னொரு சில்லில் ஒரு திருகை இறுக்கி, அந்த இரண்டாவது கேன் திரவத்தில், என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஊறவைத்திருந்தேன். மூன்றாம் நாள் திருகின் ஓரத்தில் மயிரிழை போல் ஒரு கோடு. நகத்தால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிட்டது. எங்கள் துப்பாக்கியின் பின்மூடி இரண்டு திருகுகளில்தான் நிற்கிறது. சுடும்போது பின்னால் உதைக்கும் இரும்பைத் தடுத்து நிறுத்துவது அந்த மூடிதான்.

மூடி விரிசல் விடும், செயலாளர் பார்ப்பார், மாப்பிள்ளைக்கு மூக்கு உடையும், அவருக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைக்கும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அந்தத் திரவத்தில் அவர் துடைக்க ஆரம்பித்து நான்கு நாள் ஓடின. நான்கு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, சுடும்போது மூடி சிதறியது. மாப்பிள்ளை பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இரும்புத்துண்டு கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே புகுந்துவிட்டது. வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மச்சான் சரியா சோதிக்கலை. நீங்க சேத்துவிட்ட ஆளு நான். உங்க பேரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"விடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

வெளியே தங்கை டீயோடு நின்றாள். "இவரு கவனக்குறைவுன்னு எழுதி வேலையை விட்டுத் தூக்கப்போறாங்களாம் அண்ணே. கண்ணும் போய், கெட்ட பேரும் வந்தா இவரு தாங்க மாட்டாரு. நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்க." அவள் கொடுத்த டீயை வாங்கி முழுசாகக் குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அதனால்தான் விசாரிக்கும் உங்களிடமே வந்தேன், ஐயா. இதுதான் அந்தத் தாள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குக் காயம் படும் என்று நான் நினைக்கவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துடைத்த துப்பாக்கியை முதலில் சுட்டுப் பார்ப்பது யார் என்று கேட்டீர்கள். துடைத்தவர்தான் முதல் ஐந்து குண்டையும் சுட வேண்டும். மற்றச் சங்கங்களில் இப்படி இல்லை. இங்கே நான் கொண்டுவந்த வழக்கம் இது. தன் வேலைக்குத் தன் முகமே ஜாமீன் என்று பெருமையாகச் சொல்வேன். மாப்பிள்ளை சுடும்போது தோளோடு தோளாக நின்று ஐந்து வரை எண்ணுவது நான்தான்.

அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று எண்ணினேன். மூன்றோடு நிறுத்திவிட்டேன்.