சிவப்புக் காரின் பக்கத்து இருக்கை

எங்கள் கார் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். அடுத்தது, அந்தச் சிவப்புப் பந்தயக் காரில் ஏறி இருக்கலாமா என்பது. இருக்கலாம். அதற்குத் தனி ரிக்கெற். கிழித்துக் கொடுப்பது நான்.

அந்தக் காரில்தான் என் கணவர் எமில்ராஜ் செத்தார். மலைநாட்டில் நடந்த பந்தயத்தில், கார் ஒரு வளைவில் உருண்டது. நொறுங்கிய காரை என் தம்பி பிறேம் வாங்கி, நிமிர்த்தி, பெயின்ற் அடித்து, இங்கே கொக்குவிலில் பழைய ஒஸ்ரின் கார்களுக்கு நடுவில் நிறுத்தினான். எமில்ராஜ் இருந்த இருக்கையில் கலியாண மாப்பிள்ளைகள் இருந்து படம் எடுத்தார்கள்.

"பிறேம், உந்தக் காரைப் பின்னாலை கொண்டுபோய் மூடி விடன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"அக்கா, சனம் வாறதே இதைப் பாக்கத்தான். அத்தானுக்கும் பெருமைதானே."

அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது. பிறகு நான் கேட்கவில்லை.

எமில்ராஜின் நினைவுநாளில் வருடா வருடம் பிறேம் அந்தக் காரைத் தெருவில் ஓட்டிக் காட்டுவான். சனம் கைதட்டும். இந்த முறை, காலையில், பிரேக் எண்ணெய்க் குழாயைத் தளர்த்தி வைத்தேன். கணவரோடு கராஜில் நின்று பழகிய கை. முதல் சில மிதிக்குப் பிடிக்கும், பிறகு பிடிக்காது. குழாயில் ஸ்பானர் பட்ட கீறல் இருப்பதாக உங்கள் பொலிஸ் ஆட்கள் சொன்னார்கள். இருக்கும்.

பிறேம் எப்போதும் தனியாகத்தான் ஓட்டுவான். அன்று அவனுடைய மகள் றெஜினா பக்கத்து இருக்கையில் ஏறிவிட்டாள். கம்பஸ் படிப்பு முடித்த பிள்ளை. என்மேல் நல்ல வாரப்பாடு, பாசம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"மாமி, நீங்கள் ஏறப்போறியளே? நான் இறங்கிறன்."

"எனக்குத் தலை சுத்தும் பிள்ளை. நீ போயிட்டு வா."

ஹெல்மெட் பட்டியை நான்தான் பூட்டிவிட்டேன். மறித்திருக்கலாம். யோசித்தும் பார்த்தேன். பிறேம் மட்டும் செத்தால் நான் பட்டது அவனுக்கு விளங்காமலே போய்விடும் என்று பட்டது.

கார் மதிலில் மோதியது. றெஜினா அந்த இடத்திலேயே போய்விட்டாள். பிறேமுக்குக் கால் மட்டும் முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்ரை பிள்ளையை நானே கொன்றுபோட்டன்" என்று அழுதான். நான் மறுத்துச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டேன்.

குழாயைத் தளர்த்தியது நான்தான், ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் றெஜினாவை நான் கொன்றேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளை என்றால் எனக்கு உயிர்.