இந்தக் கேன்ல ஊத்த மாட்டேன்

கோவிச்சுக்காதீங்கக்கா, இந்தக் கேன்ல மட்டும் ஊத்த மாட்டேன். கழுவியிருப்பீங்க, இல்லேங்கல. ஆனா மூடியத் தொறந்தா பெட்ரோல் வாடை மூக்கத் தொளைக்குது. வண்டிக்கு வெச்சிருந்த கேன்தானே? பாத்தீங்களா. அடியில ஒட்டியிருக்கிற துளியே போதும், வெளக்குல குப்புனு பிடிச்சுக்கும். அந்தா, அந்தப் புதுக் கேன எடுத்துக்கோங்க. அட, நாளைக்குத் திருப்பிக் குடுங்க, போதும்.

நல்ல எண்ணெயான்னு எப்படிப் பாக்கிறதுங்கிறீங்களா? இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. பச்சத்தண்ணியாட்டம் இருக்கா? வெள்ள மண்ணெண்ணெ இப்படித்தான் இருக்கணும். மஞ்சளடிச்சா, கலங்கலா இருந்தா வாங்கவே வாங்காதீங்க. சிம்னி ரெண்டே நாள்ல கரி பிடிச்சுரும், புள்ளைங்க மூக்கத் தொடச்சா கருப்பா வரும். நல்ல எண்ணெயும் பொகைஞ்சா, திரிய நேரா வெட்டிவிட்டுக் கொஞ்சம் தாழ்த்தி வைங்க.

வெவரமா? நீங்க வேற. பட்டதுதான்.

என் தங்கச்சி ரெண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தா. போன வருசம் அவ வீட்டுக்காரர் இதே மாதிரி ஒரு கேனத் தூக்கிட்டு வந்தாரு. மோந்து பாத்தேன். தெரிஞ்சுபோச்சு. வேற கொண்டாங்க மாப்ளேன்னேன். ஏன்னு சொல்லல. என்ன மச்சான், மருந்துக்கடையா நடத்துறீங்கன்னாரு. நின்ன கூட்டமெல்லாம் சிரிச்சுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஊத்திட்டேன்.

சாயங்காலம் வெளக்குப் பத்த வெச்சிருக்கா. வெடிச்சிருச்சு.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. நாலாம் நாளு, நான் மட்டும் இருக்கிறப்போ வாயத் தொறந்தா. அண்ணே, எரியற வெளக்குல நான் எண்ணெ ஊத்தலண்ணே, தீக்குச்சிதான் வெச்சேன்னா. சரிம்மா, பேசாமப் படுன்னேன். அப்புறம் அவ பேசல.

இல்லக்கா, அழல. அப்பவும் வரல, இப்பவும் வரல. என்னவோ, மரத்துப்போச்சு.

மாப்பிள்ளையா? அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. துக்கத்துக்கு வந்த சனமெல்லாம் ஒரே பேச்சு. எரியறப்போ எண்ணெ ஊத்தியிருப்பா, அவதான் அவசரக்காரியாச்சேன்னு. மாப்பிள்ளையும் அதையேதான் நம்பிட்டாரு. என் பக்கம் திரும்பி, சின்ன வயசுலயும் அவ இப்படித்தானா மச்சான்னு கேட்டாரு.

ஆமான்னுட்டேன்க்கா.