யூ வராத கியூ

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது சேர், ஆனாலும் நன்றி. தமிழில் எழுதிக்கொள்ள ஒருவரைக் கூட்டி வந்ததற்கும் நன்றி. சிங்களத்திலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்; சிங்களத்தில் எனக்கு நிதானம் வராது, சண்டைதான் வரும்.

என் பெயர் வினோஜன். ஊர் பல்லேபொல. மாத்தளையில் நிரஞ்சனி மிஸ் நடத்தும் ஆங்கில வகுப்பில் மூன்று வருடமாக நான்தான் ஸ்கிராபிள் சாம்பியன். எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் செய்யும் விளையாட்டு அது. கையில் கியூ வந்துவிட்டால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். கியூவுக்குப் பின்னால் யூ வர வேண்டும், அந்த யூ ஒருநாளும் வராது. நான் கவலைப்பட மாட்டேன். யூ இல்லாமலே கியூ வரும் குட்டிச் சொற்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கியூ, ஐ என்று எழுதும் 'சீ' என்றால் சீனர் நம்பும் உயிர்ச்சக்தி. 'காட்' என்றால் யெமன்காரர் மெல்லும் இலை. 'சூக்' என்றால் அரபுச் சந்தை. குளிக்கும்போதும் சொல்லிக்கொண்டே குளிப்பேன்.

எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. சொல்லை வைத்தவனிடம் எதிராளி "அர்த்தம்?" என்று கேட்கலாம். கேட்டால் அவன் தமிழில் விளக்க வேண்டும். விளக்கம் எதிராளிக்குத் திருப்தியில்லை என்றால் மிஸ் கீழே இறங்கி, அலுமாரியைத் திறந்து, பெரிய அகராதியை மேலே தூக்கி வந்து வாசிப்பார். வாசித்த கையோடு கீழே கொண்டுபோய்ப் பூட்டிவிடுவார். மேலே விட்டால் பார்த்து விளையாடிவிடுவோமாம். மிஸ்ஸுக்கு முழங்கால் வலி. அதனால் யாரும் அதுவரை இழுப்பதில்லை. மரியாதைதான் காரணம்.

இந்த வருடம் வில்கமுவையிலிருந்து அகீல் வந்தான். சனிக்கிழமைகளில் விடிய முன்னர் பஸ் ஏறி வருவான். நான் பாடுபட்டு மனப்பாடம் செய்த சொற்களில் பாதி அவன் வீட்டில் சும்மா கிடந்தவை. ஒருநாள் 'காதி' என்று வைத்தான். எங்களுக்குப் புள்ளி எழுதும் தினுஷா, தெரிந்துகொள்ளும் ஆசையில், அர்த்தம் கேட்டாள்.

"எங்கட ஜட்ஜ். எங்க மாமிக்கு டிவோஸ் அங்கதான் ஆச்சு. மாமா அழுதாரு, மாமி எல்லாருக்கும் புரியாணி வாங்கித் தந்தா."

தினுஷா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அதே சொல்லை நான் போன வருடமே வைத்திருக்கிறேன். "முஸ்லிம் நீதிபதி" என்று சரியாகச் சொன்னேன். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் 'கிப்லா'.

"நாங்க தொழுவுற பக்கம். இங்கருந்து பார்த்தா அந்தா, அந்த பேக்கரிக்கு நேரா" என்று ஜன்னல் வழியாகக் காட்டினான்.

அதற்குப் பிறகு அந்தப் பேக்கரியைக் கடக்கும்போதெல்லாம் அவள் தனக்குள் சிரிப்பாள். இரண்டு வருடமாக அதே பேக்கரியில் நான் அவளுக்கு மீன் வைத்த மாலுபான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சேர். ஒரு தரம்கூட அதைப் பார்த்து அவள் சிரித்ததில்லை.

பொறாமை என்று எழுதுகிறீர்களா? எழுதுங்கள். அது சரியில்லை, இருந்தாலும் எழுதுங்கள்.

யானைக் கதையையும் அவன்தான் சொன்னான். இடைவேளையில், கையை ஆட்டி ஆட்டி. "எங்க ஊர்ல பொழுது விழுந்தா ரோடு அவருக்குத்தான். பாலத்துக்கு அங்கால வளைவுல நிப்பாரு. லைட் அடிச்சா தூரத்துலயே தெரியும், அப்படியே திரும்பிடணும். லைட் இல்லாமப் போனவன் கதை சொல்ல வரமாட்டான்." தினுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் கவனமாகக் கேட்டேன்.

போன சனிக்கிழமை இறுதிப் போட்டி. வென்றவன் கொழும்புப் போட்டிக்குப் போவான். பெயரை அன்று மாலையே அனுப்ப வேண்டும். வில்கமுவைக்குக் கடைசி பஸ் பின்னேரமே போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் சட்டப்படி விளையாடினேன். அவன் வைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டேன். 'ஆக்ஸ்' என்று வைத்தான்.

"அர்த்தம்?"

"மாடுடா."

"என்ன மாதிரி மாடு?"

"நாலு கால் மாடு, மச்சான்!"

எனக்குத் திருப்தியில்லை. மிஸ் படியிறங்கினார். இப்படியே போனது. தினுஷா மணிக்கூட்டைப் பார்த்தாள். "வினோ, அவனுக்கு பஸ் போயிரும். வேணும்னே செய்யிறியா?" என்றாள். அவள் அன்று என்னிடம் பேசிய ஆக நீளமான வாக்கியம் அது. மிஸ், நாளைக்கு வைப்போமா என்று கேட்டார். பெயர் இன்றே போக வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். உண்மைதானே.

பஸ் போன பிறகும் அவன்தான் வென்றான். அதையும் பதிந்துகொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

அவனுடைய வாப்பா மரக்கறி லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்தார். வீட்டில் உம்மாவும் தங்கச்சியும் தனியாக. போயே ஆகவேண்டும் என்று நின்றான். எங்கள் வீட்டில் தங்கு என்று நான் சொல்லியிருக்கலாம். "என் பைக்க எடுத்துட்டுப் போ மச்சான்" என்றேன். அவன் என்னைக் கட்டிப் பிடித்தான். "நீ தங்கம்டா, நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன்" என்றான். தினுஷாவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதல் தடவை.

பைக்கைப் பரிசோதித்தீர்களாம். ஹெட்லைட் வயர் கழன்றிருந்ததாம். யானை மிதித்ததில் கழன்றிருக்கும் என்று உங்கள் சார்ஜன்ட் எழுதியிருக்கிறார். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். பிழையான விளக்கம் எனக்குப் பிடிக்காது. மிஸ் மாட்டைத் தேடக் கீழே போனபோது, முகம் கழுவுகிறேன் என்று நானும் இறங்கினேன். வயரைக் கழற்றவில்லை, சேர். கழன்றும் கழலாமலும் விட்டேன். மாத்தளைத் தெருவில் நன்றாக எரியும். குண்டும் குழியும் வந்தால் விட்டுவிடும். அவன் ஊருக்குக் கிட்டத்தான் குண்டும் குழியும் ஆரம்பம். போகும் முன் அவன் லைட்டைப் போட்டுப் பார்த்தான். "சூப்பரா இருக்கு" என்றான். "பார்த்துப் போ" என்றேன்.

யானைக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அகீலின் ஜனாஸா வீட்டுக்கு, செத்த வீட்டுக்குத்தான், வகுப்பே வேன் பிடித்துப் போனது. தினுஷா அவனுடைய உம்மாவின் கையைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே கதிரை அடுக்கினேன். திரும்பி வரும் வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். களைப்பு. கொழும்புக்கு இப்போது இரண்டாவதாக வந்தவனைத்தான் அனுப்புவார்கள். அதைப் பற்றி நான் மிஸ்ஸிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

எங்கே கையெழுத்து? இங்கேயா. சரி. ஒரு சின்ன உதவி, சேர். தினுஷாவை விசாரிக்கப் போவீர்கள்தானே. பாவம், அவளுக்கு இனிச் சொற்களுக்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.