அடுத்த பக்கத்தின் முதல் கட்டம்

கண்ணசைவிலேயே கூட்டத்தைக் கட்டிப்போடும் அவைத் தலைவர் அவர்களே! அடுக்கில் இருக்கும் நூல்களைவிட அடுத்த வீட்டுக் கதைகளை அதிகம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வாடகை நூலகத்தின் நூலகர் அம்மையாரே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோரே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தீர்களா, வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்தீர்களா என்று நான் கேட்கத் துணியாத தாய்மாரே! பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சத்தில் முகம் மட்டும் மிதக்கும் இளையோரே! எல்லோரையும் வணங்குகிறேன்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நூலகர் அம்மையார் வாயால் நீங்கள் கேட்பதைவிட இன்று என் வாயால் கேட்பது எனக்கு நல்லது. கார் பழுதுபார்க்கும் கடை. அதன் காத்திருப்பு அறை. ஐம்பத்து மூன்று வயதில், தொப்பையும் வழுக்கையுமாக உட்கார்ந்து, ஒரு படக்கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு, நான் விம்மி விம்மி அழுதேன். பக்கத்து நாற்காலிக்காரர் பதறிப்போய், "சார், யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? கப்பல் கம்பெனி முதலாளிக்கும் அவன் வீட்டு மாடியில் குடியிருக்கும் வயலின்காரனுக்கும் காதல் முறிந்துபோய்விட்டது என்றா சொல்வேன்? "தூரத்துச் சொந்தம்" என்றேன். பாவம், அவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

சிரியுங்கள். ஆனால் மானக்கேடு அதுவல்ல, இனிமேல்தான் வருகிறது. நான் அழுதது அறை வாங்கிய வயலின்காரனுக்காக அல்ல. அறைந்த முதலாளிக்காக!

எனக்கு இன்று கொடுத்திருக்கும் தலைப்பு, ஆணும் ஆணும் காதலிக்கும் மங்கா கதைகளில் அன்பும் காயமும் அடியும். மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்திருப்பார்கள். இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று மேடைக்குக் கீழே ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, நூலகர் அம்மையார் என் காதோடு சொன்ன பெயர்களை இந்த ஒலிபெருக்கியில் சொன்னால், இந்த மண்டபத்தில் பாதிக் குடும்பங்களில் இன்று பேச்சுவார்த்தை நின்றுவிடும். தலைவர் அவர்களே, உங்கள் வீட்டம்மா மூன்றாம் பாகத்தை இன்னும் திருப்பித் தரவில்லையாம். அவ்வளவுதான் சொல்வேன்.

அதோ, தூணுக்குப் பக்கத்தில் ஒருவர் முணுமுணுக்கிறார். "ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிறதெல்லாம் ஒரு கதையா?" ஐயா, கதைதான். காதலிப்பவர் யாராயிருந்தாலும் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார், பிரியும்போது கையசைத்துக்கொண்டே நிற்கிறார். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை ஒரு கையோடு. மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும் கையோடு! சுவரில் சாத்தி வழி மறிக்கும் கையோடு! "வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் அதை வெட்கம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளும் கையோடு!

எவ்வளவு அழகாக வரைகிறார்கள் தெரியுமா? முதலாளி பொறாமையில் கத்துகிறான், பின்னால் பூ பூவாக உதிர்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுகிறான், கண்ணில் ஒரு துளி மின்னுகிறது. அறைகிறான். உடனே திரை விலகுகிறது, அவனுடைய குழந்தைப் பருவம். தகப்பன் அவனை இருட்டறையில் பூட்டி வைக்கிறான். ஒரு முழுப் பக்கம் கறுப்பு மை. நடுவில் ஒரு சின்னக் கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அழவைத்த ஓவியரைக் குறை சொல்லமாட்டேன், அவ்வளவு நல்ல கை. ஆனால் அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், அது வளர்ந்து யார் கன்னத்தில் இறங்கியது என்பதை மறந்தே போனேனே! அந்தக் கன்னத்துக்குக் குழந்தைப் பருவம் கிடையாதா? அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க மை இல்லையா?

எல்லாக் கதையும் இப்படி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இன்னொரு தொடர் இருக்கிறது. ஒரு தபால்காரரும் ஒரு தையல்காரரும். தையல்காரர் பழைய வீட்டில் அடிபட்டு வந்தவர், யாராவது கையைத் தூக்கினாலே தலையைக் குனிந்துகொள்வார். தபால்காரர், "தொடலாமா?" என்று கேட்கிறார். பதில் வருவதற்குள் நான்கு பக்கம் போகிறது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதை வரைந்திருக்கிறார்கள். ஜன்னலை வரைந்திருக்கிறார்கள். தபால்காரர் உட்கார்ந்தே இருக்கிறார். நான்காம் பக்கத்தின் கடைசியில் தையல்காரர் "இன்னைக்கு வேண்டாம்" என்கிறார். "சரி" என்று தபால்காரர் தேநீர் ஊற்றுகிறார். தாய்மாரே, கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு காதல் காட்சியை நான் நடித்ததில்லை. கைதட்டாதீர்கள், என் மனைவி முதல் வரிசையில் இருக்கிறாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு மச்சான், மனைவியின் தம்பி. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, ஊதி, மறுபடி நகர்த்தி வைக்கும் பொறுமைக்காரன். அவன் ஒரு நீச்சல் பயிற்சியாளரோடு வாழ்ந்தான். நாங்கள் அவரைக் கோச் என்போம். மச்சானிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "மேடையில சொல்லட்டுமா?" என்றேன். "சொல்லுங்க அத்தான். ஆனா என்னை அழுமூஞ்சியா காட்டாதீங்க. அழுதது நீங்கதான்" என்றான். அந்த வயலின்காரன் புத்தகம் அவனுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி. கோச்தான் கதவைத் திறந்தார். "வாங்க சார், வாங்கக்கா!" அப்படி ஒரு வரவேற்பு! எனக்குச் சர்க்கரை ஆகாது என்பது என் மனைவிக்கே சில நாள் மறந்துபோகும். அந்த மனிதருக்கு மறக்கவில்லை.

மச்சானின் கைப்பேசி கோச்சின் சட்டைப்பையில் இருந்தது. அது ஒலித்தது. கோச் எடுத்துப் பெயரைப் பார்த்தார், அணைத்தார், மறுபடி தன் பையிலேயே போட்டுக்கொண்டார். மச்சான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனது இடது மணிக்கட்டில் கட்டு, அதன் ஓரத்தில் வளையமாகக் கன்றிய தடம்.

"கையில என்னடா?" என்றாள் என் மனைவி.

மச்சான் வாயைத் திறந்தான். குரல் கோச்சிடமிருந்து வந்தது. "லேப்ல பாலிஷ் மெஷின் பட்டுடுச்சுக்கா. இவன் எப்பவும் இப்படித்தான். நான் இல்லேன்னா இவன் கதி என்னன்னே தெரியல."

நண்பர்களே, பாலிஷ் இயந்திரம் ஓரிடத்தில் கீறும். மணிக்கட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்குமா? அந்த அறையில் காற்றாடி ஓடியது, எனக்கு வியர்த்தது. என் மனைவி அந்தக் கட்டையே பார்த்தாள். மச்சான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். மௌனம் வந்தால் எனக்கு மூச்சு முட்டும், உங்களுக்குத்தான் தெரியுமே. வாயைத் திறந்தேன்.

"புத்தகம் பிரமாதம் மச்சான். ஆனா ஒரே ஒரு சந்தேகம். முதலாளி அவ்வளவு உருக்கமா கட்டிப்பிடிக்கிறான், மண்டி போட்டு மன்னிப்பு கேட்கிறான், எல்லாம் முடிஞ்சு கடைசியில ஏன் அறையறான்?"

கோச் சிரித்தார். மச்சானும் கொஞ்சம் சிரித்தான். "அத்தான், நீங்க தப்பா படிச்சிருக்கீங்க. பக்கத்தை மட்டும் இல்ல, கட்டத்தையும் வலதுபக்கத்துலேர்ந்து படிக்கணும்."

ஆமாம், அவையோரே! பக்கத்தைச் சரியாகத்தான் திருப்பியிருக்கிறேன். பக்கத்துக்குள்ளே கட்டங்களை நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் படித்துத் தொலைத்திருக்கிறேன்.

"முதல்ல அறை அத்தான். அப்புறம் மண்டி போடறது. அப்புறம்தான் கட்டிப்பிடிக்கிறது."

"ஓஹோ. அப்ப கட்டிப்பிடிக்கிறதோட முடிஞ்சுது?"

"அந்தப் பக்கம் முடிஞ்சுது."

"அடுத்த பக்கத்துல முதல் கட்டம் என்ன?"

வேடிக்கைக்காகத்தான் கேட்டேன். மச்சான் புத்தகத்தை வாங்கினான். பக்கத்தைத் திருப்பினான். பார்த்தான். மூடப் போனான். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அறை" என்றாள்.

கோச்சின் சிரிப்பு நின்றது. "கதைதானேக்கா" என்றபடி மச்சானின் தோளில் கை வைத்தார். அன்பான கைதான். விரல் நுனிகள் மட்டும் வெளுத்திருந்தன. நான் இன்னும் பேசினேன். எதைப் பற்றி என்று கேட்காதீர்கள், கப்பல் கம்பெனிகளின் நிர்வாகம் பற்றிக்கூடப் பேசியிருப்பேன். என் மனைவி எழுந்தாள். "கிளம்பலாம். தம்பி, கார் வரைக்கும் வா."

"நானும் வரேங்க்கா."

"நீங்க இருங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டிருக்கிறது முடியட்டும்."

நான் முடித்துவிட்டுக் கீழே வந்தபோது மச்சான் காரின் பின் இருக்கையில் இருந்தான், பாதி இறக்கிய கண்ணாடிக்குப் பக்கத்தில். முன் இருக்கையிலிருந்தபடி மனைவி ஏற்கெனவே வண்டியைக் கிளப்பி வைத்திருந்தாள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதற்குள், பின்னாலேயே இறங்கி வந்த கோச் காரருகே மண்டியிட்டார். உண்மையாகவே மண்டியிட்டார்! சிமென்ட் தரையில்! கண்ணீர் நிஜம். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா என்னை எப்படி அடிப்பாருன்னு உனக்குத் தெரியும்ல? உனக்கு மட்டும்தானே சொன்னேன்?"

என் நெஞ்சு இளகியது. "பாவம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மறுபடியும் நான் அந்தச் சின்னக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் சொன்னான். "தெரியும். அதனாலதான் இத்தனை நாள் இருந்தேன்."

பொத்தானை அழுத்தினான். கண்ணாடி ஏறியது. கோச் விரல்களை எடுக்கவில்லை. கண்ணாடி ஏறிக்கொண்டே போனது. எடுக்கவில்லை. மச்சான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். கண்ணாடி நின்றது. அடித்தவனின் விரல் நசுங்காமல் பார்த்துக்கொண்டது அடிவாங்கியவனின் விரல்!

"கையை எடு."

பொய்ப்பல்லுக்கு மெழுகு ஊதும் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. கைகள் விலகின. கண்ணாடி மூடியது. "அத்தான், வண்டியை எடுங்க."

எடுத்தேன், என் அன்பு மக்களே, எடுத்தேன்!

ஆகவே கேட்கிறேன். இந்தப் புத்தகங்களைக் கொளுத்தச் சொல்கிறேனா? இல்லை. பூட்டி வைக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை, நூலகர் அம்மையார் மூச்சு விடலாம். வன்முறையைப் படிப்பவர் வன்முறையை விரும்புகிறவர் என்று எந்த மடையன் சொன்னான்? புத்தகத்தைப் பயத்தோடு படிப்பதில் ஒரு சுகம் உண்டு, ஏனென்றால் மூட நினைத்த நொடியில் மூடிவிடலாம். வீட்டுக்கு அந்த வசதி உண்டா? மணிக்கட்டைப் பிடித்திருக்கும்போது பக்கம் புரட்ட முடியுமா? காயம்பட்டவன் கதை சொல்லட்டும், காது கொடுப்போம். காயத்தைக் காட்டிக் கன்னத்தைக் கேட்டால், கொடுக்கமாட்டோம்! ஆணும் பெண்ணுமாயினும் கொடுக்கமாட்டோம்! ஆணும் ஆணுமாயினும் கொடுக்கமாட்டோம்! கட்டிப்பிடிக்கும் கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். திருப்புங்கள்! அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்! அதன் முதல் கட்டத்தைப் பாருங்கள்! ஒரு சாதாரண மனிதனின் ஒரு சாதாரணக் கேள்வி அன்று ஓர் உயிரை மூன்று மாடி இறக்கிக் கொண்டுவந்தது என்றால், உங்கள் கேள்வி எத்தனை பேரை இறக்கிக் கொண்டுவராது?

பொறுமையாக இருந்த தலைவருக்கும், புத்தகங்களுக்கு இடம் கொடுத்த நூலகத்துக்கும், பாதியில் எழுந்து போகாத தூணோரத்து ஐயாவுக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும் என் நன்றி. வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.

என்னம்மா? முதல் வரிசையிலிருந்து என் மனைவி ஏதோ சொல்கிறாள். ஒலிபெருக்கி வேண்டாமாம், அவளுக்குத் தேவையும் இல்லை.

"என்னங்க, உங்க கேள்வியால ஒண்ணும் அவன் இறங்கி வரல. துணி, சர்டிபிகேட் எல்லாம் முந்தின வாரமே கொண்டுவந்து நம்ம வீட்டுல வெச்சாச்சு. நீங்க பேச ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவர் எழுந்திரிக்க முடியாது, அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனோம்."

நம் வீட்டிலா? ஒரு வாரமாக என் கண்ணில் படாமல் எங்கே வைத்திருந்தாய்?

"உங்க புத்தக அலமாரியில."