நீலத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு

ஐயா,

அந்தப் பூவைப் பார்க்கக் காஞ்சிபுரம் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மழை முடிந்த கையோடு வந்தால் நிறையப் பூத்திருக்கும். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் பதினெட்டு வருஷமாக விஞ்ஞானம் கற்பிக்கிறவன். 1967 தை மாதம் மாணவர்களைத் திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பாலுள்ள வறண்ட மேட்டுக்கு அழைத்துப் போனேன். மணலோடு மணலாகப் படர்ந்திருந்த ஒரு சிறு பூவைக் காட்டி, விஷ்ணுகிரந்தி என்றேன். அந்த வழியாக வந்த பஞ்சாட்சரம் குனிந்து பார்த்தார். எங்கள் தெருக்காரர், பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்.

"இது அது இல்ல வாத்தியாரே. அது சுத்த நீலம். இதுல ஒரு பொட்டு செவப்பு கலந்துக்கினு இருக்குது. எலையில மயிரும் இல்ல, பாருங்க."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

சரிபார்க்க அந்தச் செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி, தாவர ஆராய்ச்சி செய்யும் உங்களுக்கு அனுப்ப எண்ணினேன். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும் என்று பஞ்சாட்சரம் அதே நிறத்தில் பட்டு நூலுக்குச் சாயமேற்றி, செடி ஒட்டிய தாளின் ஓரத்தில் கட்டிக் கொடுத்தார். உங்களுக்கு வந்தது அதுதான். எவரும் இதுவரை பதிவு செய்யாத செடியாக இருக்கலாம், நூல் பெரிய உதவி, கண்டெடுத்தவர் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் பதில் எழுதினீர்கள். பஞ்சாட்சரத்துக்கு ஆங்கிலம் தெரியாது. சாதாரண விஷ்ணுகிரந்திதான், நிறம் பார்த்தவர் கண்ணில் கோளாறு இருக்கலாம் என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னேன். கண்டெடுத்தவர் என்று உங்களுக்கு என் பெயரை எழுதினேன்.

அவர் சிரித்துத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். சாயக்காரருக்குக் கண்தானே எல்லாம். ஒவ்வொரு நூல் சிட்டத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து, போகிறவர் வருகிறவரிடம் நிறம் கேட்க ஆரம்பித்தார். ஒரு கல்யாணப் புடவையின் அரக்கு நூலைச் சந்தேகத்தில் திரும்பத் திரும்ப முக்கிக் கெடுத்தார். அதன் பிறகு யாரும் அவரிடம் நூல் தரவில்லை.

சென்னையில் கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் வராது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதையும் நானே படித்துச் சொன்னேன். நரம்பு தளர்ந்துவிட்டது, வெளிச்சத்தில் திறந்தால் மிச்சமும் போய்விடும் என்றேன். முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடக் கூடாதல்லவா.

இப்போது பகலெல்லாம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் கையைப் பிடித்துக் கோயில் வரை அழைத்துப் போகிறேன். "நீங்க இல்லன்னா இவுரு கதி என்னா ஆவும் வாத்தியாரே" என்று அவர் மனைவி ரேணுகாம்பாள் கும்பிடுகிறார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நல்ல கண்ணை நான்தான் குருடாக்கினேன். தெரிந்தே செய்தேன். எழுதியதில் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கிறது. பெயர் விஷயத்தில் எது நியாயமோ அதைச் செய்யுங்கள். நீங்கள் வரும்போது அவரும் என்னுடன் வருவார். தமிழ் உங்கள் தாய்மொழி என்று அறிவேன். இருந்தாலும் அவர் எதிரில் மட்டும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். பாவம், அவர் மனசு தாங்காது.