அறுநூறு ஓடு அதிகம்

அங்க நிக்காதீங்க தம்பி, மேல ஓடு ஆடுது. மண்டபம் தாங்குமான்னு பாக்க வந்த இன்ஜினியர் தலையில மண்டபமே விழுந்துச்சுன்னா ஊரு சிரிக்கும். இப்படி பெஞ்சுல உக்காருங்க. எம் பொண்ணு வர கால் மணி நேரமாவது ஆகும். வரைபடத்த ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா. அந்தக் கடைக்காரர்கிட்டயும் நன்கொடை கேக்காம வர மாட்டா.

ஆமா, மண்டபத்தக் காப்பாத்தற கமிட்டிக்கு செக்ரட்டரி அவதான். நான் வெறும் அம்மா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தையக்கடை. வசூலுக்கு மட்டும் என்னை அனுப்புவாங்க, ஏன்னா நான் போய் உக்காந்தா கொடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

இந்தப் பொருட்காட்சி மைதானம் பூட்டி எட்டு வருஷமாச்சு. எல்லாத்தையும் இடிச்சுட்டு வண்டி நிறுத்தப் போறோம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. இவ போய் சண்டை போட்டா. சரி, பாதிச் செலவ ஊர்க்காரங்க கொண்டாங்க, மீதிய நாங்க போடறோம்னு முனிசிபாலிட்டி ஆபீஸ்ல சொன்னாங்க. எங்க கொண்டு வரப்போறாங்கன்னு நெனச்சிருப்பாங்க. எங்கள யாருன்னு தெரியல பாவம்.

கூரை ஓடு விக்கற யோசனை எம் பொண்ணோடது. ஓர் ஓட்டுக்குக் காசு கொடுத்தா, ஓட்டோட உள்பக்கம் உங்க பேரு எழுதிடுவோம். மண்டபத்துல நின்னு அண்ணாந்து பாத்தா தெரியும். செத்தாத்தான் கல்லுல பேரு, இங்க உசுரோட இருக்கும்போதே ஓட்டுல பேருன்னு நான் சொல்லுவேன், உடனே பையில கை போயிடும். முடி வெட்டறவர் மாமியார் பேருல ஒண்ணு வாங்கினாரு. எந்த இடத்துல மழை நல்லா அடிக்குமோ அங்க வெய்யுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அந்த மாமியாரும் வந்து மருமகன் பேருல ஒண்ணு வாங்கினாங்க. அவங்க கேட்டதும் அதே இடம்தான்.

அதானே, மொத்தம் எத்தன ஓடு வித்தேன்னுதான கேக்க வர்றீங்க. பெரிய மண்டபத்துக்கு நாலாயிரம் ஓடு. நான் வித்தது நாலாயிரத்து அறுநூறு. எம் பொண்ணு தலையில கை வெச்சு உக்காந்துட்டா. கூட்டத்துல எல்லார் முன்னாலயும், உனக்கு எண்ணவே தெரியாதாம்மான்னு கேட்டுட்டா. நான் ரசீது புக்க மூடி பையில வெச்சுக்கிட்டேன். பேரெல்லாம் எழுதி, சூளையில சுட்டும் வந்தாச்சு. சுட்ட பேர அழிக்க முடியுமா சொல்லுங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. வந்ததுலேர்ந்து அந்த ஃபைல மடியில வெச்சுக்கிட்டு பரீட்சை எழுத வந்த பையன் மாதிரியே இருந்தீங்க.

உங்க ஃபைல்ல கேட்டுப் பக்கத்துச் சின்ன ரூம் மேல, இடிக்கலாம்னு பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கீங்களே, நான் பாத்தேன். இன்னும் மையில எழுதல, அதையும் பாத்தேன். அது காணாமப்போன குழந்தைங்க ரூம். கூட்டத்துல தொலைஞ்ச பிள்ளைங்கள அங்க உக்கார வெச்சு மைக்ல சொல்லுவாங்க. அது என்ன பழைய கட்டடம், ஒரு ரூம்தானேன்னு நீங்க கேக்கறது நியாயம்தான். எம் பொண்ணே அதத்தான் சொல்றா. பெரிய மண்டபம் நின்னாப் போதும், அதுக்காக இத விட்டுடலாம்மான்னு கையெழுத்தும் போட்டுட்டா. என்ன சொல்லி அவள மறிக்கறது? சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல. அவகிட்ட சொல்லக்கூடிய காரணம் இல்லன்னு சொல்லணும்.

அந்த ரூம் கூரைக்கு எத்தன ஓடு ஆகும், கணக்குப் போட்டீங்களா? போடுங்க. நான் இருக்கேன்.

அறுநூறா? அப்படியா, எனக்கென்ன தெரியும்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நாப்பது வருஷமா துணிய அளந்து வெட்டறவ. ஒரு சட்டைக்கு எத்தன பொத்தான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எனக்கா எண்ணத் தெரியாது?

சரி, கேக்கறீங்க. நீங்க வெளியாள், நாளைக்கு உங்க ஊருக்குப் போயிடுவீங்க. எனக்கு அப்போ இருபத்தி நாலு வயசு. எம் பொண்ணோட அப்பா எங்க போனாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வாடகை பாக்கின்னு வீட்டுக்காரங்க ரூமுக்குப் பூட்டு போட்டுட்டாங்க. மூணு நாளா இவளுக்கு வெறும் பிஸ்கட்டு. பொருட்காட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன். அம்மா நூல் வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லி அந்த ரூம் வாசல்ல உக்கார வெச்சேன். அவளுக்கு நாலு வயசு. நல்லவங்க யார் கையிலயாவது போய்ச் சேரட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல, சத்தியமா.

மைதானத்தத் தாண்டி பின் கேட்டு வரைக்கும் போயிட்டேன். அப்போ அந்த ரூமப் பாத்துக்கற அம்மா மைக்ல சொன்னாங்க, நீலக் கவுன் போட்ட பொண்ணு இங்க இருக்கு, பேரு சொல்ல மாட்டேங்குது, அம்மா நூல் வாங்கப் போயிருக்காங்க, வந்துடுவாங்க, நீங்க கத்தாதீங்கன்னு எங்களயே அதட்டுதுன்னு. ஊரே சிரிச்சுது. நான் அந்த கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

திரும்பி வந்தேன். அந்தம்மா என்னைப் பாத்தாங்க, எங் கையில இருந்த துணி மூட்டையப் பாத்தாங்க. எல்லாம் புரிஞ்சுபோச்சு அவங்களுக்கு. எப்படித் தொலைஞ்சுதுன்னு நோட்டுல ஒரு கட்டம் இருக்கும். கூட்டத்துல கை நழுவிடுச்சுன்னு அவங்களே எழுதி, எங்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. நாளைக்கு வாங்க, தைக்கற வேலை இருக்குன்னு மட்டும் சொன்னாங்க.

இவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல. சின்ன வயசுல இங்க தொலைஞ்சு போயிருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பா. நானும் கூடச் சிரிப்பேன்.

உங்க பேனாவ நான் பிடிக்க மாட்டேன் தம்பி. நீங்க படிச்சவரு, சுவர் தாங்கும்னா தாங்கும்னு எழுதுங்க, தாங்காதுன்னா வேண்டாம். அதோ வர்றா. கண்ணத் தொடைங்க, முகத்தச் சாதாரணமா வெச்சுக்கங்க.